ஒரு கோர்ட்டின் தீர்ப்பை இன்னொரு கோர்ட் படிக்காதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

குடும்ப நல நீதிமன்ற வராந்தாக்களில் பிள்ளைகள் படும் பாடு கொஞ்சமல்ல. சென்ற வெள்ளிக்கிழமை மாலை என் அக்கா மகளோடு அப்படி ஒரு வராந்தாவில் நின்றேன். வயிற்றெரிச்சல் தாங்காமல் எழுதுகிறேன்.

கணவர் அவளை அடித்து வதைத்தது உண்மைதான் என்று மாஜிஸ்திரேட் கோர்ட் சாட்சிகளை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அவள் வீட்டுப் பக்கமோ வேலை பார்க்கும் இடத்துக்கோ அவர் வரக்கூடாது, போனில்கூடப் பேசக்கூடாது என்று பாதுகாப்பு உத்தரவும் போட்டது. அது அமலில் இருக்கும்போதே, பிள்ளை யாரிடம் என்ற வழக்கில் குடும்ப நல நீதிமன்றம் சொல்கிறது: வெள்ளி தோறும் ஏழு வயதுப் பையனை அவளே கூட்டிவந்து அவர் கையில் ஒப்படைக்க வேண்டும், ஞாயிறு மாலை வரை அவர் வீட்டில் இருப்பான், கோடை விடுமுறையில் பாதியும் அங்கேதான். மாஜிஸ்திரேட் தீர்ப்பின் நகலை எங்கள் வக்கீல் தாக்கல் செய்திருந்தார். குடும்ப நல நீதிமன்ற உத்தரவை வரி விடாமல் படித்தேன். அந்தத் தீர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஏற்கவில்லை என்றால் ஏன் ஏற்கவில்லை என்றாவது எழுத வேண்டாமா? கோர்ட்டில் சிரஸ்தாராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எனக்கே பதில் தெரியவில்லை.

கிட்டே வரக்கூடாது என்று ஒரு கோர்ட் தடுத்த மனிதர் முன்னால், இன்னொரு கோர்ட்டின் உத்தரவுப்படி அவளே போய் நின்றாள். பையன் அவள் துப்பட்டாவைப் பல்லால் கடித்துக்கொண்டு விடவே இல்லை. கால்சட்டை நனைந்துவிட்டது. கோர்ட் கவுன்சிலர் அம்மா, "அப்பாதானேடா, போ" என்று அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். தாயின் கை முறிந்த ராத்திரி அதே அறையில் கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருந்தவன் அவன். இதுவும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது.

"மனைவியைத்தானே அடித்தார், பிள்ளையைத் தொடவில்லையே" என்றாராம் எதிர்த்தரப்பு வக்கீல். அம்மா அடிபடுவதைப் பார்த்து நடுங்கிய பிள்ளைக்கு இதற்கு மேல் என்ன காயம் வேண்டும்? பொய் வழக்கு என்பார்கள். குறுக்கு விசாரணையைத் தாண்டி வந்த தீர்ப்பு இது; மேல்முறையீட்டுக்கு வழி இருந்தும் அவர் போகவில்லை. அப்பா பாசம் வேண்டாமா என்பார்கள். கோர்ட் வளாகத்தில் ஆள் பார்த்திருக்கப் பாசம் காட்டட்டும், யார் தடுத்தது?

சட்டம் இல்லாமல் இல்லை. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு, எதிர்மனுதாரர் வந்து பார்ப்பது குழந்தைக்குத் தீங்கு என்று கருதினால் மாஜிஸ்திரேட் அனுமதி மறுத்தே ஆக வேண்டும் என்கிறது. அதே நிவாரணத்தைக் குடும்ப நல நீதிமன்றத்திலும் கேட்கலாம் என்கிறது 26-ஆவது பிரிவு. பாதுகாவலராக வருபவரின் குணநலனைப் பார்க்கச் சொல்கிறது 1890-ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டத்தின் 17-ஆவது பிரிவு. மனைவியின் மரணம் தொடர்பாகக் குற்ற வழக்கில் சிக்கிய தந்தையிடம், அதைக் கணக்கில் எடுக்காமலே பிள்ளையை ஒப்படைத்தது தவறு என்று 2008-இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. இத்தனை இருந்தும், குடும்ப வன்முறைச் சட்டப்படி உள்ள பாதுகாப்பு அலுவலரிடம் போனால் "கஸ்டடி எங்க விஷயம் இல்லம்மா" என்கிறார். கவுன்சிலருக்கோ எப்படியாவது சமரசம் என்று எழுதிக் கோப்பை மூட வேண்டும். சம்பளம் வாங்கும் ஒருவருக்குக்கூட இந்தப் பையன் தன் பொறுப்பு என்ற எண்ணம் வரவில்லை.

சென்னை உயர் நீதிமன்றம் எல்லாக் குடும்ப நல நீதிமன்றங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். பிள்ளை யாரிடம் என்று முடிவு செய்யுமுன் குடும்ப வன்முறைத் தீர்ப்பு ஏதும் உண்டா என்று கேட்க வேண்டும். இருந்தால் அதைப் படித்ததும், ஏற்காவிட்டால் அதற்கான காரணமும் உத்தரவில் இருக்க வேண்டும். பாதுகாப்பு உத்தரவு பெற்ற பெண்ணை அந்த மனிதரோடு நேருக்கு நேர் நிற்க வைக்கக் கூடாது.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி