பூட்டியவரே சாவியைத் தந்துவிட்டுப் போகட்டும்

காசு கொடுத்து வாங்கிய பொருள் நமக்குச் சொந்தம் என்பது உலக வழக்கு. விற்றவர் கடையை மூடிவிட்டார் என்பதற்காக நம் வீட்டு அம்மி அரைக்க மறுப்பதில்லை. கணினி மென்பொருள் மட்டும் இந்த வழக்கிற்கு விலக்காகிவிட்டது. உரிய விலை கொடுத்து வாங்கிய மென்பொருள்கூட, இயங்குதளத்தை மாற்றிய மறுநாளே நம்மை யாரென்று கேட்கிறது.

இதற்குக் காரணம் 'ஆக்டிவேஷன்' என்னும் உரிமச் சரிபார்ப்பு. மென்பொருளை நிறுவியதும் அது நம் கணினியின் அடையாளத்தையும் வரிசை எண்ணையும் நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பும். அங்கிருந்து ஒப்புதல் வந்தால்தான் முழுமையாக இயங்கும். இயங்குதளத்தைப் புதிதாக நிறுவினால் அந்த ஒப்புதல் அழிந்து போகலாம்; மென்பொருள் மீண்டும் ஒப்புதல் கேட்கும். இதற்கிடையில் நிறுவனம் அந்த மென்பொருளைக் கைவிட்டு, சர்வரையும் நிறுத்தியிருந்தால்? குறுந்தட்டு இருக்கும், வரிசை எண் இருக்கும், ரசீதும் இருக்கும். பதில் சொல்லத்தான் ஆள் இருக்காது.

"அப்படியானால் இயங்குதளத்தை மாற்றாமலே இருந்துவிடலாமே" என்று சிலர் கேட்கக்கூடும். விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் தேதி முடிந்தது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கணினியை இணையத்தில் இணைத்து வைப்பது ஆபத்து. ஆகவே மாற்றம் நம் விருப்பத்தால் நிகழ்வதன்று.

தமிழர்களாகிய நமக்கு இதில் இழப்பு இரட்டிப்பு. 1990களிலும் 2000களிலும் தமிழ் இதழ்கள் பல பேஜ்மேக்கரில்தான் பக்கம் அமைக்கப்பட்டன. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001இல். அக்கோப்புகளை அதே நிறுவனத்தின் இன்டிசைன் திறக்கும்; ஆனால் சிஎஸ்6 பதிப்பு வரைக்கும்தான். சிஎஸ்6 விற்பனையும் 2017இல் நின்றுபோனது. 2019இல் வந்த மெக்கின்டாஷ் இயங்குதளமான கேட்டலினா, 32 பிட் மென்பொருள்களை அடியோடு நிறுத்தியதால் அதில் இந்த இன்டிசைன் இயங்காது. கோப்பு திறந்தாலும் சிக்கல் தீராது. அன்று டாம், டாப், திஸ்கி எனக் குறியீடுகள் பல. தனி நிறுவனங்களின் குறியீடுகள் வேறு. உரிய எழுத்துரு இல்லையென்றால் நம் கவிதையும் கட்டுரையும் பொருளற்ற ரோமன் எழுத்துகளாகத் தெரியும்.

நிறுவனங்களின் தரப்பிலும் நியாயம் உண்டு. நம் வட்டாரத்துச் சந்தைகளில் திருட்டுக் குறுந்தட்டுகள் சில வெள்ளிக்கு விற்ற காலத்தை யாரும் மறுக்க முடியாது. உழைப்பைக் காக்கப் பூட்டுப் போடுவது தவறன்று. ஆனால் விற்பதையே நிறுத்திவிட்ட பிறகு அந்தப் பூட்டு எதைக் காக்கிறது? பூட்டை உடைத்துத் திருட்டுப் பிரதியைப் பயன்படுத்தியவர் கவலையின்றி இருக்கிறார். நேர்மையாகப் பணம் கட்டியவர்தான் வாசலில் நிற்கிறார்.

மாற்று வழி இல்லாமலில்லை. அடோபி நிறுவனம் சிஎஸ்2 தொகுப்புக்கான சர்வரை நிறுத்தியபோது, முறையாக வாங்கியோருக்காகச் சரிபார்ப்புத் தேவைப்படாத பதிப்பை 2013இல் இணையத்தில் வழங்கியது. அமெரிக்காவில், கைவிடப்பட்ட மென்பொருள்களைப் பாதுகாக்கும் நூலகங்களுக்கும் ஆவணக் காப்பகங்களுக்கும் 2018இல் சட்ட விலக்கு அளிக்கப்பட்டது. மனமிருந்தால் மார்க்கமுண்டு என்பதற்கு இவை சான்று.

எனவே என் கருத்து இதுதான்: ஒரு மென்பொருளைக் கைவிடும் நிறுவனம், பூட்டில்லாத இறுதிப் பதிப்பு ஒன்றை வாங்கியவர்களுக்கு வழங்க வேண்டும். இது சலுகையன்று, கடமை. இதை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லிப் பயனீட்டாளர் சங்கங்கள் குரல் கொடுக்க வேண்டும்.

அதுவரை நாம் கைகட்டி இருக்கலாகாது. கழகத்தின் பழைய கணினியைத் தூக்கிப் போடும் முன், அதிலுள்ள மலர்க் கோப்புகளைச் செயலவையினர் பிடிஎஃப் வடிவில் சேமிக்க வேண்டும். உரைகளை யூனிகோடுக்கு மாற்றி வைக்க வேண்டும். பயன்படுத்திய எழுத்துருக்களையும் உடன் வைத்தல் நலம். புதிய மென்பொருள் வாங்கும்போது விலையை மட்டும் கேளாமல், "நீங்கள் இதை நிறுத்திவிட்டால் எங்கள் கோப்புகளின் கதி என்ன?" என்றும் கேட்போம். முன்னாள் மாணவர்களும் தங்கள் காலத்துக் குறுந்தட்டுகளைத் தேடித் தந்து உதவலாம். பழைய கணினி இன்னும் இயங்கும்போதே இதைச் செய்தாக வேண்டும்.