வாசிக்க இயலாத வட்டு

ஒரு கணினியில் நிறைந்திருந்த வட்டு, மற்றொரு கணினியில் வெறுமையாகத் தோன்றுவதுண்டு. இதன் காரணம் அறியாது குடும்பப் படங்களையும் பாடக் குறிப்புக்களையும் இழந்தோரை நாம் கண்டுள்ளோம்.

வட்டை ஒரு நூலகமெனக் கொள்வோம். எந்நூல் எத்தட்டில் உளதென்று காட்டும் பட்டியல் அங்கு உண்டு. அப்பட்டியலை எழுதும் முறை இயங்குதளந்தோறும் வேறுபடும். விண்டோஸுக்கு உரியது 1993 இல் வந்த என்.ரி.எவ்.எஸ். முறை, லினக்ஸில் பெரிதும் வழங்குவது ஈ.எக்ஸ்.ரி.4, மாக் கணினிக்கு 2017 இல் வந்தது ஏ.பி.எவ்.எஸ். லினக்ஸ், விண்டோஸ் வட்டை வாசிக்கவும் அதில் எழுதவும் வல்லது. மாக் அதனை வாசிக்குமேயன்றித் தானாக எழுதாது. விண்டோஸோ மற்றையோர் பட்டியலைத் தானாக அறியமாட்டாது. வட்டைப் 'போர்மற்' செய்யவேண்டுமென்று கேட்கும்.

இடர் இங்கேயே உளது. அதற்கு இசைந்தால் பழைய பட்டியல் நீங்கிப் புதியது எழுதப்படும். நூல்கள் இருந்தும் எட்டாதனவாகும். ஆதலின், வேண்டாவென மறுத்து, முன்னர் எழுதிய கணினியிலேயே வட்டைத் திறந்து பார்த்தல் வேண்டும்.

பலவகைக் கணினிகளுக்கும் பொதுவாக வட்டொன்று வேண்டின், வெறும் வட்டை முதலிலேயே எக்ஸ்பாற் முறையில் அமைத்துக்கொள்க. 2006 இல் தோன்றிய அம்முறையை இன்று மூன்று தளங்களும் ஏற்கும். பழைய பாற்32 முறையோ 4 கிகாபைற்றை எட்டும் கோப்பைக் கொள்ளாது. எனினும் எக்ஸ்பாற் வட்டை, எழுதிக்கொண்டிருக்கையிற் பிடுங்கினால் பட்டியல் பழுதடைதல் கூடும். உரிய முறையில் விடுவித்த பின்னரே கழற்றுக. அரியனவற்றுக்கு வேறிடத்திலும் ஒரு பிரதி வைத்திருத்தல் நன்று.