சுவருக்குக் கிடைக்கும் நேரம் உடம்புக்கும் வேண்டும்

வீட்டுக்கு நானே பெயின்ட் அடிக்கப் போகிறேன் என்று சொன்னபோது, ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஏணியில் நின்றாலும் பாப்பாவைத் தூக்கிக்கொள்ள யாராவது வருகிறார்கள். பதினோரு மணிக்கு டீ வருகிறது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, நிறம் அம்சமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகிறார். அதே ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஓடப் போகிறேன் என்றால் மட்டும் கேள்விகள் வரிசையாக வருகின்றன. பாப்பா எழுந்துவிட்டால் யார் பார்ப்பது? டிபனுக்கு என்ன செய்வது? "இந்தப் பனியில எதுக்குக் கண்ணு?" என்கிறார் அத்தை. ஓட்டத்துக்கு ஆவது, சுவருக்கு ஆகும் நேரத்தில் கால்பங்குதான்.

இரண்டுமே நான் விரும்பிச் செய்பவை. இரண்டுக்கும் என் மூன்று வயது மகளை வேறொருவர் பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும். ஒன்றின் பலன் எல்லார் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில், வரவேற்பறைச் சுவரில் நிற்கிறது. மற்றதன் பலன் என் உடம்புக்குள் இருக்கிறது. ஒன்றுக்குப் பாராட்டும் மற்றதற்கு விசாரணையும் கிடைப்பதற்கு எனக்குத் தெரிந்து வேறு காரணமில்லை. சிறு குழந்தையின் தாய் வீட்டுக்காகச் செலவிடும் நேரத்துக்கு என்ன மதிப்போ, அதே மதிப்பு அவள் தன் உடம்புக்காகச் செலவிடும் நேரத்துக்கும் வேண்டும். இதைத்தான் நான் சொல்ல வருகிறேன்.

எங்கள் வீடு கோவையில் சிங்காநல்லூர் பக்கம், மாமனார் எண்பதுகளில் கட்டியது. சுவரில் பழைய டிஸ்டம்பர் கையோடு மாவாக வந்துகொண்டிருந்தது. அதைச் சுரண்டி, பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் ஒரு கோட்டிங், எமல்ஷன் இரண்டு கோட்டிங் என்று ஒவ்வொரு சுவராக முடித்து வருகிறேன். இதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி இருக்கிறது. ரோலர் சுவரில் ஏறும்போது வரும் அந்த ஈரச் சத்தம் எனக்குப் பிடிக்கும். பாப்பாவுக்கும் வேலை உண்டு. இரண்டு இஞ்ச் பிரஷ் ஒன்றும் ஒரு மக் தண்ணீரும் கொடுத்துக் காம்பவுண்டு சுவரருகே விட்டால், தண்ணீரைத் தொட்டுத் தொட்டு அடிக்கிறாள். ஈரம் பட்ட இடம் கறுக்கிறது. வெயிலில் அது காய்ந்து பழைய நிறத்துக்கு வந்ததும், "காணோம்மா" என்று கூவிவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறாள். அவளுக்கு அலுப்பதே இல்லை.

ஆனால் குழந்தை இருக்கும் வீட்டில் நான் செய்யும் இரண்டு காரியங்களில் உண்மையான ஆபத்து எதில் இருக்கிறது என்று பார்த்தால், அது பெயின்டில்தான் இருக்கிறது. எங்கள் ஜன்னல் கம்பிகளில் பச்சைக்குக் கீழே மஞ்சள், மஞ்சளுக்குக் கீழே சிவப்பு என்று பழைய எனாமல் அடுக்கடுக்காக உரிந்து கிடந்தது. அந்தக் காலத்து எனாமலில் ஈயம் சேர்ப்பது வழக்கம். பளிச்சென்ற மஞ்சளும் சிவப்பும் வருவதற்கும், சீக்கிரம் உலர்வதற்கும் ஈயச் சேர்மங்களைக் கலந்தார்கள். வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016-ல்தான் வெளியானது. 2017 நவம்பர் 1-ஆம் தேதி முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்ட் லட்சக்கணக்கான வீடுகளின் ஜன்னல்களிலும் கதவுகளிலும் அப்படியே இருக்கிறது.

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிறு குழந்தை விழுங்கும் ஈயத்தை அதன் உடல் பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு வரை அதிகமாக உறிஞ்சிக்கொள்கிறது. அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். தரையில் தவழ்ந்து, கையை வாயில் வைக்கும் வயதில், ஜன்னலடியில் விழும் தூசே போதும். அதனால் அந்த வேலை முடியும்வரை பாப்பாவைப் பொள்ளாச்சியில் என் அம்மா வீட்டில் விட்டிருந்தேன். கம்பிகளைத் தண்ணீரில் நனைத்துத்தான் சுரண்டினேன். உலர்ந்த பெயின்டை உப்புத்தாளால் தேய்க்கவோ நெருப்பு காட்டி உரிக்கவோ கூடாது. தூசும் புகையும் நேரே மூச்சுக்குள் போகும். கீழே பிளாஸ்டிக் ஷீட் விரித்து, சிம்புகளைக் கவரில் கட்டி, தரையை ஈரத்துணியால் துடைத்து, போட்டிருந்த உடுப்பைத் தனியாகத் துவைத்தேன். கர்ப்பிணிகள் இந்த வேலையின் பக்கமே வரக் கூடாது.

இதையெல்லாம் நானே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். கடையில் ஒருவரும் சொல்லவில்லை. குழந்தை இருக்கும் வீட்டில் பழைய பெயின்டைச் சுரண்டலாமா என்று உறவில் ஒருவரும் கேட்கவில்லை. ஓட்டத்தால் என் மகளுக்கு இப்படி ஒரு கேடும் கிடையாது. இருந்தும் "குழந்தையை நினைச்சுப் பாத்தியா?" என்ற கேள்வி ஓட்டத்துக்குத்தான் வந்தது. குழந்தையின் மீதுள்ள அக்கறையில் பிறந்த கேள்வியாக இருந்தால் அது முதலில் ஏணியின் அடியில் நின்று கேட்கப்பட்டிருக்கும்.

தேசிய புள்ளியியல் அலுவலகம் 2019-ல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இந்த மனநிலைக்குப் பின்னால் இருப்பதைக் காட்டுகிறது. சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக அப்போது நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்களுக்கு அது 97 நிமிடம். குழந்தைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்வதில் பெண்களுக்கு 134 நிமிடம், ஆண்களுக்கு 76 நிமிடம். அந்தக் கணக்கெடுப்புக்கு அடிப்படையான ஐ.நா. வகைப்பாட்டில், வீட்டைத் தானே அலங்கரிப்பதும் பழுதுபார்ப்பதும் சம்பளமில்லாத வீட்டு வேலையின் கீழ்தான் வருகின்றன. விளையாட்டும் உடற்பயிற்சியும் வேறு பிரிவு. ஆக, நான் பெயின்ட் அடிக்கும்போது எனக்குப் பிடித்ததைச் செய்தாலும் அது அந்த 299 நிமிடத்தோடுதான் சேர்கிறது. ஏற்கெனவே என்னிடம் எதிர்பார்க்கப்படும் நேரத்தில் அது அடங்கிவிடுவதால் யாருக்கும் உறுத்துவதில்லை.

உடம்புக்கு எவ்வளவு நேரம் தேவை? பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சியோ 75 நிமிடம் கடுமையான உடற்பயிற்சியோ செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். ஒரு நாள் வீட்டு வேலையில் பாதி நேரம்தான் ஒரு வாரத்துக்கே தேவைப்படுகிறது. நான் தயாராகும் அரை மாரத்தான் 21.1 கிலோமீட்டர். அதற்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். வார நாள்களில் வீட்டைச் சுற்றி அரை மணி, முக்கால் மணி ஓட்டம். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு ரேஸ்கோர்ஸில் ஒரு நீண்ட ஓட்டம். அதை மூச்சிரைக்காமல், பேசிக்கொண்டே ஓடுகிற வேகத்தில் ஓட வேண்டும். நீண்ட தூரத்துக்கு வேண்டிய இதயமும் தசைநாரும் அந்த நிதானத்தில்தான் உருவாகின்றன. வாரம் தவறாமல் செய்தால்தான் பலன். "நேரம் கிடைக்கும்போது ஓடிக்கோ" என்றால் அது ஓடாதே என்பதற்குச் சமம்.

பிரசவத்துக்குப் பிறகு திரும்ப ஓட வருவதே தனிப் பயிற்சி. குறைந்தது 3 மாதம் பொறுத்து, அடிவயிறும் இடுப்புத்தளத் தசைகளும் தேறியிருக்கின்றனவா என்று பார்த்த பிறகே ஓடத் தொடங்க வேண்டும் என்று 2019-ல் பிரிட்டனின் பிசியோதெரபிஸ்டுகள் மூவர் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டார்கள். நானும் நடையில்தான் தொடங்கினேன். ஓடும்போது சிறுநீர் கசிவதோ, இடுப்பில் ஏதோ கீழே இறங்குவதுபோல் கனப்பதோ இருந்தால் பிள்ளை பெற்றவள் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று நம் ஊரில் நினைக்கிறார்கள். அவை பெரும்பாலும் சிகிச்சையாலும் பயிற்சியாலும் சரியாகக் கூடியவை. இதைக்கூட என் தோழிகள் பலர் ஓட வந்த பிறகுதான் தெரிந்துகொண்டார்கள். தன் உடம்பைக் கவனிக்கத் தனியாக ஒரு மணி நேரம் இல்லாதவளுக்கு அதிலுள்ள கோளாறும் தெரியாமலே போகிறது.

பெண்கள் ஓடக் கூடாது என்பதற்கு முன்பு வேறு காரணம் சொன்னார்கள். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். பெண் உடம்பு இதைத் தாங்காது என்று சொல்லி அந்தப் பந்தயத்தையே எடுத்துவிட்டார்கள். திரும்ப வந்தது 1960-ல். பாஸ்டன் மாரத்தானில் பெண்கள் அதிகாரபூர்வமாகச் சேர்க்கப்பட்டது 1972-ல். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வந்தது 1984-ல். உடம்பு தாங்காது என்ற பேச்சைப் பெண்கள் ஓடியே பொய்யாக்கினார்கள். நம் பி.டி. உஷா தாயான பிறகு களத்துக்குத் திரும்பி, 1998-ல் ஜப்பானின் ஃபுகுவோகாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் பதக்கம் வென்றார். இன்று உடம்பு தாங்காது என்று யாரும் சொல்வதில்லை, வீடு தாங்காது என்கிறார்கள். அதுவும் உண்மையில்லை.

எங்கள் வீடு தாங்குகிறது. எப்படி என்று சொல்கிறேன். ஞாயிறு காலை எட்டு மணிவரை என்னுடையது என்று வீட்டுக்காரரும் நானும் பேசி முடிவு செய்தோம். பாப்பா எழுந்தால் அவர் பொறுப்பு. பல் தேய்த்துவிடுவது, பால், இட்லி எல்லாம் அவர்தான். நான் எதையும் எடுத்துவைத்துவிட்டுப் போவதில்லை. இப்போது இரண்டு பக்கமும் சமமாகக் குடுமி போட அவருக்கு என்னைவிட நன்றாக வருகிறது. சனிக்கிழமை மாலை அவர் ஷட்டில் ஆடப் போகிறார், அது அவருடைய நேரம். பெயின்ட் வேலை சனிக்கிழமை மதியம் பாப்பா தூங்கும்போதும் ஞாயிறு பகலிலும் நடக்கிறது. ஒரு நேரத்தில் ஒரே அறை. ஈரம் காயும்வரை ஜன்னல்கள் திறந்திருக்கும், பாப்பா படுப்பது வேறு அறையில். அவளுக்குக் காய்ச்சல் என்றால் எல்லாமே நிற்கும், அதில் பேச்சில்லை. ஆனால் ஏதாவது ஒன்றை மட்டும் விட வேண்டிய வாரம் வந்தால், விடுவது பெயின்டைத்தான். சுவர் அடுத்த மாதமும் அங்கேயே நிற்கும். விட்ட பயிற்சியை அப்படித் திரும்பப் பெற முடியாது.

முன்பெல்லாம் முதலில் அடிபடுவது ஓட்டமாகத்தான் இருந்தது. அந்த வரிசையை மாற்றியதுதான் எங்கள் வீட்டில் நடந்த பெரிய மாற்றம். இதற்குப் பணம் செலவாகவில்லை, ஆள் வைக்கவில்லை. எதை முதலில் ரத்து செய்வது என்று கணவனும் மனைவியும் வெளிப்படையாகப் பேசினால் போதும். அத்தைக்கும் இப்போது பழகிவிட்டது. "இன்னிக்கு எவ்வளவு தூரம்?" என்று அவரே கேட்கிறார்.

வீட்டுக்கு வெளியேயும் வேலை இருக்கிறது. ஐந்து மணிக்கு நானும் என் தோழிகளும் ரேஸ்கோர்ஸுக்கே வண்டி ஓட்டிக்கொண்டு வருவதற்குக் காரணம், அங்கே விளக்கும் ஆள் நடமாட்டமும் இருப்பதுதான். அவரவர் வீட்டுப் பக்கத்திலேயே வெளிச்சமுள்ள பாதையும், காலையில் திறந்திருக்கும் பெண்கள் கழிப்பறையும் இருந்தால் போக வர ஆகும் நேரம் மிச்சம். குழந்தை வைத்திருப்பவளுக்கு அந்த அரை மணி பெரிது. ஓட்டப் போட்டி நடத்துபவர்களும் தாய்மார்களை நினைக்க வேண்டும். 2018-ல் சோஃபி பவர் என்ற பிரிட்டிஷ் பெண், ஆல்ப்ஸ் மலைகளில் ஓடும் சுமார் 170 கிலோமீட்டர் போட்டியின் நடுவில் தன் மூன்று மாதக் குழந்தைக்குப் பால் கொடுத்த படம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. காயம்பட்டவர்களுக்குத் தள்ளிவைக்கப்பட்ட பதிவு, கர்ப்பிணி என்ற காரணத்துக்காகத் தள்ளிவைக்கப்படவில்லை என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். இன்று லண்டன் மாரத்தானில் கர்ப்பிணிகள் தங்கள் பதிவைப் பின்வரும் ஆண்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். நம் ஊர்ப் போட்டிகள் எல்லாவற்றிலும் இந்த வசதியும், தொடக்க இடத்தில் பால் கொடுக்க ஒரு மறைவான இடமும் இருக்க வேண்டும்.

சிறு குழந்தை, வேலை, வீடு, ஓட்டம் எல்லாவற்றையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று என்னிடம் அன்போடு கேட்கிறார்கள். நான் தனியாகச் சமாளிக்கவில்லை. ஞாயிறு காலையில் இன்னொருவர் பாப்பாவோடு இருக்கிறார், அதனால் ஓடுகிறேன். அந்த இன்னொருவர் கிடைக்காத பெண்களுக்குத் திறமை குறைவு என்று யாரும் சொல்லிவிட முடியாது. அவர்களுக்குக் கிடைக்காதது நேரம், அதைக் கொடுக்க வேண்டியது குடும்பம்.

உங்கள் வீட்டில் கைக்குழந்தையோடு இருக்கும் மகளோ மருமகளோ மனைவியோ நடக்க, ஓட, நீந்தப் போகிறேன் என்றால், எதற்கு என்று கேட்காதீர்கள். எத்தனை மணிக்கு வருவாய் என்று கேளுங்கள், அதுவரை குழந்தையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் மட்டும் செய்துவிட்டு நிறுத்தாதீர்கள், ஒவ்வொரு வாரமும் செய்யுங்கள்.