உண்மைக்கும் வேண்டும் பணிப் பாதுகாப்பு

சட்டக் கல்லூரியில் புதிதாகச் சேரும் ஆசிரியருக்கு முதல் சில ஆண்டுகள் சோதனைக் காலம்தான். அமெரிக்காவில் அந்தச் சோதனை இன்னும் கடுமையானது. 1870களில் ஹார்வர்டில் தொடங்கிய பயிற்று முறைப்படி, ஆசிரியர் விரிவுரை ஆற்றிவிட்டு நழுவிவிட முடியாது. தீர்ப்பு ஒன்றை எடுத்துவைத்து மாணவர்களைக் கேள்விகளால் துளைக்க வேண்டும். அவர்கள் திருப்பிக் கேட்டால் தடுமாறாமல் நிற்க வேண்டும். பருவ முடிவில் ஆசிரியர் மாணவருக்கு மதிப்பெண் போடுவது போலவே மாணவரும் ஆசிரியரை மதிப்பிடுவார். இதற்கிடையே ஆய்வுக் கட்டுரைகளும் எழுதியாக வேண்டும். சில ஆண்டுகள் கழித்து சகாக்கள் கூடி, ‘டென்யூர்’ எனப்படும் நிரந்தரப் பணியைத் தருவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்வார்கள். நலமாக இருப்பவர்களின் மனத்தையே உலுக்கும் ஏற்பாடு இது.

1989இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் சேர்ந்த எலின் சாக்ஸுக்கு இந்தப் பளுவோடு ஒரு ரகசியமும் இருந்தது. அவருக்கு ஸ்கிசோஃப்ரினியா என்னும் மனச்சிதைவு நோய். ஆக்ஸ்ஃபோர்டில் தத்துவம் படித்தபோதும் யேலில் சட்டம் படித்தபோதும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர் அவர். கட்டிலோடு மணிக்கணக்கில் பிணைத்து வைக்கப்பட்ட அனுபவமும் உண்டு. 28 வயதில் கடைசியாக மனநல மருத்துவமனையிலிருந்து வெளிவந்த பிறகு, கடையொன்றில் காசாளராகச் சேர்ந்து சில்லறை எண்ணிக் கொடுக்கலாம் என்று ஒரு மருத்துவர் யோசனை சொன்னார். சாக்ஸ் படிப்பை முடித்து 1986இல் சட்டப் பட்டம் பெற்றார்.

மாணவியாக இருந்தபோதே, நோயாளிகளைக் கட்டிவைப்பது பற்றி யேல் சட்ட இதழுக்குக் கட்டுரை எழுதினார். அதற்காக மனநலப் பேராசிரியர் ஒருவரிடம் பேசியபோது, கட்டிவைக்கப்படுவது எவ்வளவு அவமானம் என்று சொல்லிப் பார்த்தார். அவர்கள் நம்மைப் போன்றவர்கள் அல்ல, அவர்களுக்கு அது நமக்குத் தோன்றுவது போல் தோன்றாது என்ற பொருளில் பதில் வந்தது. ‘அவர்களில்’ ஒருவர்தான் எதிரே உட்கார்ந்திருக்கிறார் என்பது பேராசிரியருக்குத் தெரியாது. சாக்ஸும் சொல்லவில்லை.

ஆசிரியப் பணியிலும் அந்த மௌனம் தொடர்ந்தது. நெருங்கிய சிலருக்கு மட்டுமே விஷயம் தெரியும். நிரந்தரப் பணி கிடைத்து, நூல்கள் வெளியாகி, பெயர் நிலைத்த பிறகுதான், 2007இல், ‘தி சென்டர் கேன்னாட் ஹோல்ட்’ என்ற தன்வரலாற்றில் எல்லாவற்றையும் எழுதினார். வேலையில் இருக்கும் ஒரு மனச்சிதைவு நோயாளி என்ற பெயர்தான் மிஞ்சும் என்று நண்பர் எச்சரித்தும் எழுதினார். 2009இல் மெக்ஆர்தர் நிதி நல்கை வந்தது. அதைக் கொண்டு மனநலச் சட்டத்துக்கென ஒரு கழகத்தைத் தொடங்கினார்.

தாம் தாக்குப்பிடித்ததற்கு அவர் சொல்லும் காரணங்கள் மூன்று: தரமான சிகிச்சை, நண்பர்களும் குடும்பமும், அரவணைக்கும் பணியிடம். மருந்தைக் குறைத்துப் பார்க்கப் பலமுறை முயன்று, ஒவ்வொரு முறையும் விழுந்து எழுந்த பிறகே மருந்தோடு சமாதானமானார். வாரத்தில் நான்கைந்து நாள் உளப்பகுப்பாய்வு சிகிச்சை என்பது எல்லோருக்கும் கட்டுப்படியாகும் சங்கதி அல்ல. ஆனால் மூன்றாவது காரணம் கவனிக்கத்தக்கது. சிக்கலான சட்டப் பிரச்சினைகளில் மூழ்கியிருப்பதே நோய்க்கு எதிரான வலுவான அரண் என்கிறார் சாக்ஸ். வேலைப் பளுதான் மனத்தைக் கெடுக்கிறது, வேலையை விட்டால் சரியாகும் என்று உபதேசிப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். அவரைப் பொறுத்தவரை மருந்தில் பாதி அந்த வேலைதான்.

அப்படியானால் ஏன் இத்தனை ஆண்டு மௌனம்? கோழைத்தனம் என்று சொல்லிவிட முடியாது. சட்டத் துறை மறைக்கும் பாடத்தை மாணவப் பருவத்திலேயே கற்றுக்கொடுக்கிறது. 2014இல் அமெரிக்காவின் 15 சட்டக் கல்லூரிகளில் 3,300க்கும் அதிகமான மாணவர்களிடம் ஆய்வு நடந்தது. 17 சதவீதம் பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் தென்பட்டன. உதவியை நாடத் தயங்குவதற்குப் பலர் சொன்ன காரணம், வழக்கறிஞராகப் பதிவு செய்யும்போது சிக்கல் வரும் என்ற அச்சம். அது வெறும் பிரமை அல்ல. பல மாநிலங்களின் பதிவு விண்ணப்பங்களில் மனநோய் பற்றிய கேள்விகள் இருந்தன. லூசியானா மாநிலத்தில் மத்திய நீதித் துறை தலையிட்டு 2014இல் உடன்பாடு கண்டது. கேள்வி விண்ணப்பதாரரின் நடத்தையைப் பற்றி இருக்க வேண்டுமே தவிர, நோயைப் பற்றி அல்ல என்பதே அதன் சாரம்.

இந்தியாவிலும் ஏட்டில் குறைவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் பட்டியலில் கொண்டிருக்கிறது. பணிக்காலத்தில் பாதிப்புக்குள்ளாகும் அரசு ஊழியரை அதற்காக நீக்கக் கூடாது என்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்தது. எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையையும் தந்தது.

ஆனால் சட்டத்தைப் பிரயோகிக்க முதலில் வாய் திறக்க வேண்டும். ஒப்பந்தம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுமா என்று காத்திருக்கும் கௌரவ விரிவுரையாளர் எந்தத் துணிச்சலில் முதல்வரிடம் போய், மருத்துவரைப் பார்க்க வாரம் ஒரு மதியம் வேண்டும் என்று கேட்பார்? அவரை யாரும் நீக்கத் தேவையில்லை. அடுத்த ஆண்டு அழைக்காமல் இருந்தால் போதும்.

மனம் திறந்து பேசுங்கள் என்று ஆசிரியர்களுக்குப் புத்திமதி சொல்லக் கல்லூரிகள் கருத்தரங்கம் நடத்துவது சுலபம். சாக்ஸின் கதை சொல்வது வேறு. பறிக்க முடியாத நாற்காலி கிடைத்த பிறகுதான் அவர் பேசினார். ஆசிரியர் உண்மை பேச வேண்டும் என்று விரும்பும் நிர்வாகம் முதலில் அவருக்குப் பணி ஆணையைத் தரட்டும்.