நோட்டீஸின் கீழே என் கையெழுத்து

வங்கியில் வேலை பார்ப்பவன் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்கினால் ஒரு ஆபத்து உண்டு. முதல் பொதுக்குழுவிலேயே "சார் பேங்க்ல இருக்காரு, கணக்கு அவர் பார்த்துக்கட்டும்" என்று சொல்லிப் பொருளாளர் ஆக்கிவிடுவார்கள். திருவனந்தபுரம் வந்து சேர்ந்த எனக்கும் அதுதான் நடந்தது. கும்பகோணத்தில் பி.காம். படித்த பாவத்துக்கு இன்னும் அனுபவிக்கிறேன்.

எங்கள் கட்டடத்தில் நாற்பத்தெட்டு வீடுகள். அதில் ஒன்பது தமிழ்க் குடும்பங்கள். நோட்டீஸ், மினிட்ஸ், பைலா எல்லாமே மலையாளம். நம்மவர்கள் கூட்டத்துக்கு வருவார்கள், நோட்டில் கையெழுத்துப் போடுவார்கள், டீயும் பழம்பொரியும் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். "பிழைக்க வந்த இடத்துல நமக்கு எதுக்கு வம்பு?" அவ்வளவுதான் நம் கொள்கை. நானும் அப்படித்தான் இருந்தேன்.

இரண்டாவது மாடியில் திருநெல்வேலிப் பக்கத்து டீச்சரம்மா ஒருவர் தனியாக இருக்கிறார். பென்ஷன்காரர். மகன் வெளிநாட்டில். ஏழு மாதமாக மெயின்டனன்ஸ் கட்டவில்லை. கமிட்டியில் பேச்சு வந்தது. செயலாளர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சாரே, ரெண்டு திவசம் வெள்ளம் நிறுத்தியால் மதி. பைசா தன்னே வரும்." (வெள்ளம் என்றால் இங்கே தண்ணீர். வந்த புதிதில் நான் பயந்தது தனிக் கதை.) எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். பத்து நாளில் கட்டாவிட்டால் தண்ணீர் நிறுத்தப்படும் என்று நோட்டீஸ் தயாரானது. செயலாளரும் பொருளாளரும் கையெழுத்து.

மறுநாள் சாயங்காலம் காலிங் பெல் அடித்தது. டீச்சரம்மா. கையில் அந்தக் காகிதம்.

"தம்பி, எனக்கு இந்த எழுத்து வராது. என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க."

படித்தேன். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். முடித்ததும் கேட்டார், "கீழ இருக்கிறது உங்க கையெழுத்துதானே?"

ஆமாம் என்றேன். அவர் கோபப்படவில்லை. "கணக்கைக் காட்டுங்க, அன்னைக்கே செக் தாரேன்னு மூணு தடவை செக்ரட்டரிகிட்ட சொன்னேன். உங்ககிட்ட சொல்லலையா?" என்று மட்டும் கேட்டார். சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒருவர் ஏழு மாதம் ஏன் கட்டவில்லை என்று வங்கியில் கேட்காமல் இருந்திருப்பேனா?

அன்று இரவு உட்கார்ந்து சட்டத்தைப் படித்தேன். படித்தபின் எனக்கு ஏற்பட்ட கருத்தைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்: அசோசியேஷன் என்பது வீட்டுக்காரரும் இல்லை, பஞ்சாயத்தும் இல்லை. அதன் அதிகாரம் இரண்டே இடத்திலிருந்துதான் வரும். ஒன்று பத்திரம், இன்னொன்று கணக்கு. இரண்டும் சரியாக இல்லாத சங்கம்தான் தண்ணீர்க் குழாயைத் தேடிப் போகிறது.

முதலில் பத்திரம். கேரள அடுக்குமாடி உடைமைச் சட்டம் என்று 1983ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஆனால் அது எல்லாக் கட்டடத்துக்கும் தானாகப் பொருந்தாது. சொத்தின் உரிமையாளர்கள் எல்லோரும் சேர்ந்து "இந்தக் கட்டடத்தை இச்சட்டத்தின் கீழ் கொண்டுவருகிறோம்" என்று ஒரு டிக்ளரேஷன் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். எங்கள் கோப்பைப் புரட்டினால் அப்படி ஒன்றே இல்லை. பில்டர் செய்யவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அப்படியானால் எங்கள் சங்கம் எதன் கீழ் பதிவாகியிருக்கிறது? 1955ஆம் வருடத்துத் திருவிதாங்கூர்-கொச்சி இலக்கிய, விஞ்ஞான, தர்ம சங்கங்கள் பதிவுச் சட்டம்! எங்கள் லிஃப்ட் இலக்கியமா, ஜெனரேட்டர் விஞ்ஞானமா, செப்டிக் டேங்க் தர்மமா என்று மனைவி கேட்டாள். பதில் இல்லை. கேரளாவில் ஏராளமான குடியிருப்புச் சங்கங்கள் இந்தச் சட்டத்தின் கீழ்தான் இருக்கின்றன. நம் ஊரிலும் பல சங்கங்கள் 1975ஆம் ஆண்டு சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானவைதான். அங்கே 1994இல் வந்த அடுக்குமாடிச் சட்டத்துக்குப் பதிலாக 2022இல் புதுச் சட்டம் இயற்றி, அது 2024இல் நடைமுறைக்கும் வந்துவிட்டது.

பெயர்ப்பலகை ஒன்றுதானே, எந்தச் சட்டமாக இருந்தால் என்ன என்று நினைக்காதீர்கள். 1983 சட்டத்துக்குள் வந்துவிட்டால், கட்டாத பாக்கி அந்த வீட்டின் மீதே பொறுப்பாக ஏறும். அரசு, நகராட்சி வரிகளும் முதல் அடமானமும் (அதாவது எங்களைப் போன்ற வங்கிகளின் கடன்) மட்டும் அதற்கு முன்னால். "நான் மஸ்கட்ல இருக்கேன், லிஃப்ட்ல ஏறுறதே இல்ல, எதுக்குக் கட்டணும்?" என்பவருக்கும் அதில் பதில் உண்டு. பொது வசதியைப் பயன்படுத்தவில்லை என்று சொல்லியோ வீட்டைப் பூட்டிப் போட்டோ யாரும் தன் பங்கைத் தவிர்க்க முடியாது. அதே சட்டம் சங்கத்துக்கும் ஒரு கடமை வைக்கிறது. வரவு செலவுக் கணக்கும் வவுச்சரும் வேலை நாட்களில் எந்த உரிமையாளர் கேட்டாலும் காட்டவேண்டும். டீச்சரம்மா கேட்டது அதைத்தான்.

சாதாரணச் சங்கமாக மட்டும் இருந்தால் அந்தப் பிடிமானம் கிடையாது. பைலாவைக் காட்டி, சிவில் கோர்ட்டில் பாக்கிக்கு வழக்குப் போடலாம். நாளாகும், செலவாகும். அதனால்தான் எல்லோருக்கும் குழாய் ஞாபகம் வருகிறது. ஆனால் பாக்கிக்குத் தண்ணீரை நிறுத்துவது கடன்காரன் வீட்டு அடுப்பை அணைப்பது மாதிரி. என் வங்கியில் கடன் கட்டாதவருக்குக்கூட நோட்டீஸ், அவகாசம், பதில் சொல்ல வாய்ப்பு எல்லாம் கொடுக்கவேண்டும்.

சங்கங்கள் தம்மைக் குட்டி அரசாங்கமாக நினைத்துக்கொள்வது தண்ணீரோடு நிற்பதில்லை. 2021இல் கேரள உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், குடியிருப்பில் செல்லப்பிராணி வளர்க்கவே கூடாது என்று சங்கம் பைலா போடுவது செல்லாது என்றது. 2023இல் நம் நகரத்துப் பட்டத்திலேயே ஒரு குடியிருப்பில், கல்யாணமாகாத வாடகைக்காரர்கள் வீட்டுக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்று நோட்டீஸ் போட்டுப் பத்திரிகையில் வந்தது. வாடகைக்கு இருக்கும் நம் டெக்னோபார்க் பிள்ளைகள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

புதிதாக வாங்குபவர்களுக்கு நிலைமை கொஞ்சம் தேவலை. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது ரெரா, சில விஷயங்களைப் பில்டர் தலையில் வைத்திருக்கிறது. உள்ளூர்ச் சட்டத்தில் வேறு விதி இல்லாவிட்டால், பாதிக்கு மேற்பட்டவர்கள் புக் செய்த மூன்று மாதத்துக்குள் சங்கம் அமைய வழி செய்யவேண்டும். பொது இடங்களைச் சங்கத்தின் பெயருக்கு எழுதித் தரவேண்டும். கட்டுமானக் குறை ஐந்து வருடத்துக்குள் தெரிந்தால் தன் செலவில் சரிசெய்யவேண்டும். கேரள ரெரா ஆணையம் இருப்பதும் இதே திருவனந்தபுரத்தில்தான்.

கடன் கேட்டு வரும் தமிழ்க் குடும்பங்களிடம் இப்போதெல்லாம் மூன்று கேள்வி கேட்கிறேன். நிலத்தில் உங்கள் பிரிக்கப்படாத பங்கு எவ்வளவு என்று பத்திரத்தில் இருக்கிறதா? டிக்ளரேஷன் பதிவாகியிருக்கிறதா? பழைய வீடென்றால், சங்கத்தின் கடைசி வருடக் கணக்கைப் பார்த்தீர்களா? டைல்ஸ் நிறத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசுபவர்கள் இதற்கு முழிக்கிறார்கள். பத்திரம் மலையாளத்தில் இருந்தால், முன்னூறோ ஐந்நூறோ கொடுத்தாவது ஒருவரை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

டீச்சரம்மா விஷயம் என்னாச்சு என்று கேட்பீர்கள். அந்த நோட்டீஸைத் திரும்பப் பெறவேண்டும் என்று கமிட்டியில் சொன்னேன். செயலாளருக்கு வருத்தம்தான். "சாருக்கு ஸ்வந்தம் பாஷைக்காரி" என்றார். அந்தச் சொல் சுட்டது. ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வவுச்சர் கட்டுகளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டு மணி நேரம் பார்த்தார். ஒரு மாதம் ஜெனரேட்டர் டீசல் பில் இரண்டு முறை ஏறியிருந்தது. என் கணக்கில், என் தவறு. மற்றதெல்லாம் சரியாக இருந்தது. ஏழு மாதப் பாக்கிக்கும் அங்கேயே செக் எழுதிக் கொடுத்தார்.

இப்போது மாதக் கணக்கு லிஃப்ட் பக்கத்தில் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் ஒட்டப்படுகிறது. டிக்ளரேஷனுக்கு நாற்பத்தெட்டுப் பேர் கையெழுத்து வேண்டும். இதுவரை முப்பத்தொன்று வாங்கியிருக்கிறோம். மீதிப் பேரில் மூன்று பேர் நம் தமிழ்க் குடும்பங்கள்தான். கேட்டால், "நமக்கு எதுக்கு சார் வம்பு?" என்கிறார்கள்.