பூச்செடியில் கத்தி வைக்கக் கூடாதாம்!

நேற்றுக் காலை கிணற்றடி மல்லிகையை வெட்ட ஆரம்பித்தேன். நாலு கிளை விழுவதற்குள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்துவிட்டது. "பூக்குற செடியில கத்தி வைக்கிறியே தம்பி, வீடு வெளங்குமா?"

பக்கத்து வீட்டுப் பெரியம்மா. அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. ஒரத்தநாட்டிலிருந்து கும்பகோணம் வரை எந்த வாசலில் கேட்டாலும் இதே பல்லவிதான். வெட்டினால் செடி நோகும், பட்டுப்போகும், லட்சுமி போய்விடுவாள்.

பூக்குற செடியா? கார்த்திகையில் எந்த மல்லிகை பூக்கிறது? மழையும் பனியுமாக இருக்கிற இந்த நாளில் செடி ஓய்ந்து கிடக்கிறது. இப்போது வெட்டாமல் பங்குனியில் மொட்டுக் கட்டும்போதா வெட்டுவது?

பெரியம்மா வீட்டு முருங்கையைப் பார்த்த பிறகுமா இந்தப் பேச்சு? 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்ததில் அந்த மரம் இடுப்பளவில் முறிந்தது. மிஞ்சியது மொட்டைக் கட்டை. கத்திகூட இல்லை, காற்று பிய்த்துப் போட்டது. பொங்கலுக்குள் கட்டையைச் சுற்றி ஏழெட்டுத் துளிர். அடுத்த வருடம் காய் பறித்து எங்கள் வீட்டுக்கும் கொடுத்தனுப்பினார். காற்று ஒடித்தால் தழைக்கும், நான் அளந்து வெட்டினால் செத்துப்போகுமா?

அதே புயலில் போன தென்னைகளைக் காட்டிப் பயமுறுத்துகிறார்கள். தென்னைக்குக் குருத்து ஒன்றுதான். அது போனால் மரமே போயிற்று. மல்லிகைக்குக் கணுவுக்குக் கணு மொட்டு தூங்குகிறது. நுனியை எடுத்தால்தான் அது விழிக்கும். புதுத் தளிரில்தான் பூ. பழைய குச்சியைக் கட்டிக்கொண்டு அழுதால் கூரைமேல் இலைதான் கிடைக்கும். கரும்பைத் தரையோடு வெட்டி மறுதாம்பு விடுகிற ஊரில் இதை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறதே!

நேற்று வெட்டிய கிளைகளில் ஒன்று கட்டைவிரல் பருமன். பிளந்து பார்த்தால் பாதி காய்ந்த சக்கை. இலைக்கடியில் மாவுப்பூச்சி அப்பிக் கிடந்தது. இதையா காப்பாற்றச் சொல்கிறார்கள்?

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கு தெளிவானது. குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு வெட்ட வேண்டும். பிச்சிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு சனவரி கடைசி. வெட்டியதும் எரு வைக்க வேண்டும். பூவை விற்றுச் சாப்பிடுகிற விவசாயி ஒருவர்கூட இதில் பாவ புண்ணியம் பார்ப்பதில்லை. செடியை வெட்டாமல் பூசை போடுபவர்கள்தான் பொங்கலுக்கு முதல் நாள் பூக்காரத் தெருவில் ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறார்கள் என்று புலம்புகிறார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். செடியை வெட்ட மனம் வராதவர்கள் கொல்லை முழுக்க சிமெண்ட் போட மட்டும் எப்படித் துணிகிறார்கள்? எங்கள் தெருவில் கிளுவை வேலி இருந்த இடமெல்லாம் இன்று காம்பவுண்டுச் சுவர். அந்த வேலி முழுக்க வெட்டி நட்ட போத்துதான். வெட்ட வெட்டத் தழைத்தது. மின்கம்பிக்கென்று சாலையோரப் புங்கமரத்தை ஒரு பக்கம் மட்டும் கொத்திச் சாய விடுகிறார்களே, அப்போது எந்தப் பெரியம்மா வாய் திறந்தார்? அதுவல்லவா கொலை? கூரான கத்தரிக்கோலால், கணுவுக்கு மேலே, மழைநீர் தங்காமல் சாய்வாக வெட்டுவது செடிக்குச் செய்கிற வைத்தியம்.

பாதிச் செடி வெட்டியாயிற்று. மீதியை நாளைக் காலை, பெரியம்மா வாசல் தெளிக்க வரும் நேரத்தில், அந்த முருங்கையைக் காட்டியபடியே வெட்டப் போகிறேன்.