மெழுகுவர்த்திகள் அல்ல நாங்கள்

ஒக்டோபர் வந்துவிட்டால் நம் கவிஞர்களுக்கு மெழுகுவர்த்தி ஞாபகம் வந்துவிடுகிறது. ஆசிரியர் தன்னை எரித்துப் பிறருக்கு ஒளி கொடுப்பவராம். எரிந்து முடிந்தபின் அவர் வீட்டில் என்ன மிஞ்சும் என்று யாரும் எழுதி நான் வாசித்ததில்லை.

இந்த உவமை வெறும் அலங்காரமல்ல. ஆசிரியரின் நேரத்தை இலவசமாகக் கேட்பவர்கள் இதைத்தான் முதலில் நீட்டுகிறார்கள். புலமைப்பரிசில் பரீட்சைக்கு மாலை வகுப்பு, சனிக்கிழமை வகுப்பு, நோன்பு விடுமுறையிலும் வகுப்பு. தயங்கினால், "இது தொழிலல்ல சேர், சேவை" என்பார்கள். 2020 இல் கொரோனாவோடு வந்த வட்ஸ்அப் குழுக்கள் கொரோனா போன பின்னும் போகவில்லை. இஷாவுக்குப் பிறகும் படிவம் கேட்டுச் செய்தி வருகிறது.

"ஒன்றரை மணிக்கு வீடு போகிறவருக்கு என்ன களைப்பு?" என்று தேநீர்க்கடையில் கேட்பவருக்கு ஒரு சின்னக் கணக்கு. ஐந்து வகுப்பு, வகுப்புக்கு 40 பிள்ளைகள், 200 கொப்பிகள். கொப்பிக்கு இரண்டு நிமிடம் என்றாலும் 400 நிமிடம். ஆறரை மணித்தியாலத்துக்கும் மேல். இது ஒரு தடவை திருத்த மட்டும். பாடக்குறிப்பு வேறு. ஆசிரியைகளுக்கு அடுப்படியும் காத்திருக்கிறது.

மார்க்கத்தைக் காட்டி எங்கள் வாயை அடைக்க வருபவர்கள் ஸல்மான் அல்பாரிஸி (ரழி) அவர்களின் சம்பவத்தை மறந்துவிடுகிறார்கள். பகலில் நோன்பும் இரவில் தொழுகையுமாக இருந்த அபூதர்தா (ரழி) அவர்களை உண்ணவும் உறங்கவும் வைத்தவர் அவர். இறைவனுக்கும் தன் ஆத்மாவுக்கும் குடும்பத்துக்கும் தனித்தனியே உரிமை உண்டென அவர் சொன்னதை நபி (ஸல்) அவர்கள் சரிகண்டார்கள். ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. நபிலான வணக்கத்துக்கே எல்லை உண்டென்றால் மாலை வகுப்புக்கு இல்லையா?

உலக நியமமும் இதையே சொல்கிறது. 1966 இல் யுனெஸ்கோவும் சர்வதேச தொழில் ஸ்தாபனமும் ஆசிரியர் அந்தஸ்துப் பற்றிச் செய்த சிபாரிசு, பாட ஆயத்தத்துக்கும் மாணவர் வேலைகளை மதிப்பிடவும் நேரம் ஒதுக்கப்பட வேண்டும் என்கிறது. ஒக்டோபர் 5 உலக ஆசிரியர் தினமானது அந்தச் சிபாரிசின் நினைவாகத்தான். தினத்தை எடுத்துக்கொண்டோம், சிபாரிசை விட்டுவிட்டோம்.

இதில் இலக்கியத்துக்கும் நட்டம் உண்டு. மருதூர்க்கொத்தனும் எம்.ஏ. நுஃமானும் வகுப்பறையில் நின்றவர்கள்தாம். ஆசிரியருக்கென ஓர் அந்திப் பொழுது மிச்சமிருந்தால்தான் எழுத்து வரும், வாசிப்பு வரும். கடைசியாக எந்த நாவலை வாசித்தீர்கள் என்று ஆசிரியர் ஓய்வறை ஒன்றில் இன்று கேட்டுப் பாருங்கள். வாசிக்காத ஆசிரியரிடம் பிள்ளை எதைப் படிக்கும்?

பாடசாலையில் தூங்கிவிட்டு மாலையில் காசுக்கு டியூஷன் நடத்துபவருக்காக நான் வாதாட வரவில்லை. அவரைக் காட்டி மற்றவர்களை வதைக்காதீர்கள் என்கிறேன்.

கேட்பது பெரிதல்ல. மஃரிபுக்குப் பின் செய்தி அனுப்பாதீர்கள். மாலை வகுப்பை ஆசிரியரின் சம்மதத்தோடும் கொடுப்பனவோடும் நடத்துங்கள். கொப்பி திருத்த நேரசூசியில் பாடவேளை ஒதுக்குங்கள். இவை கிடைக்கும்வரை, "முடியாது சேர்" என்று சொல்ல நாம் பழக வேண்டும். அதிபர் முகம் சுளிப்பார். ஊர் நாலு நாள் பேசும். பேசட்டும்.